துவக்குப் பிடிக்குப் பூசிய அரக்கு

பிளெய்ன்ஸ்பரோவில் நான் வேலை செய்யும் உணவகத்தில் வயதான அமெரிக்கர் ஒருவர் இருக்கிறார். பழைய துவக்குகள் சேர்ப்பவர். என் அப்பா தச்சுவேலைக்காரர் என்று எப்போதோ சொல்லியிருந்தேன். போன ஞாயிறு வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு மொசின் நாகன்ட் ரைபிளைக் காட்டினார். மரப்பிடிக்குப் பொலிஷ் போட வேண்டுமாம்.

1891இல் ரஷ்யாவில் வந்த ரகம் அது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சோவியத் கிடங்குகளில் திருத்தியபோது மரத்துக்குப் பூசியது ஷெல்லாக். எங்கட அரக்குத்தான்.

தொட மனம் வரவில்லை. 1987இல் எனக்கு எட்டு வயது. வீடு சோதிக்க வந்த சிப்பாய் ஒருவன் துவக்குப் பிடியால் அப்பாவின் தோளில் இடித்தான். அந்த மரத்தின் மினுக்கம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கடிதத்துக்கு முத்திரை வைத்ததும், பாரதத்தில் பாண்டவரை எரிக்கக் கட்டிய மாளிகையும் இதே அரக்குத்தானே. பலாசு, இலந்தை மரங்களில் ஒட்டி வாழும் சின்னப் பூச்சி கக்கும் பிசின். ஜார்க்கண்ட் பக்கத்து ஆதிவாசிகள் கொப்போடு வெட்டிச் சுரண்டி எடுப்பார்கள். அதை ஆராயவே 1924இல் ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்குமில் ஒரு நிலையம் தொடங்கினார்கள். பழைய கிராமபோன் தட்டுகளும் அரக்கில் செய்தவைதான். 1942இல் அமெரிக்க அரசு அரக்கைப் போர்த்தேவைக்கு ஒதுக்கியதால் தட்டுக்கம்பனிகள் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி அரைத்தன. பாட்டுக்குப் போகவேண்டியது குண்டுக்குப் போனது.

மனிசன் அலுமாரியில் பல வருசமாகக் கிடந்த போத்தலை எடுத்தார். "முதலில் கண்ணாடியில் ஒரு துளி விட்டுப் பாருங்கோ" என்றேன். அப்பா செய்வது அப்படித்தான். ஒரு மணித்தியாலம் கழிந்தும் பிசுபிசுத்தது. அற்ககோலில் கரைத்த அரக்கு நாட்பட்டால் அந்த அற்ககோலோடேயே மெல்லச் சேர்ந்து மாறிவிடும். பிறகு இறுகாது. கொட்டச் சொன்னேன்.

அவல் மாதிரி இருக்கும் அரக்குச் செதில் வாங்கிப் புதிதாகக் கரைத்தோம். மரத்தில் இருந்த பழைய பூச்சைச் சுரண்டவில்லை. அற்ககோல் பட்டதும் அது இளகிப் புதுசோடு சேர்ந்துகொண்டது. துணிப்பொட்டலத்தில் தொட்டு மூன்றுதரம் பூசினேன். கை நடுங்கியதை அவர் கவனித்தாரோ தெரியாது.

இரவு அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். துவக்கு என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மெல்லிசாத்தானே பூசினனி?" என்று மட்டும் கேட்டார்.