ஜோஜி லாவுக்குப் பாதை போட்ட தம்பிகள்

விடுமுறைக்குக் காஷ்மீர் போய் வந்த நம் குடியிருப்புக் குடும்பங்களின் படங்களை வாட்ஸ்அப் குழுவில் பார்த்திருப்பீர்கள். பனியில் சறுக்குவது, குதிரைச் சவாரி, கொதிக்கக் கொதிக்க மேகி. அவற்றில் பாதிப் படங்கள் ஜோஜி லாவில் எடுத்தவை. அடுத்து அங்கே போகப் பெட்டி கட்டுபவர்கள் கிளம்பும்முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

‘லா’ என்றாலே லடாக்கி மொழியில் கணவாய்தான். ஆகவே ‘ஜோஜி லா கணவாய்’ என்பது ‘நடுசென்டர்’ மாதிரி. உயரம் சுமார் 3,528 மீட்டர். லடாக்கில் இதைவிட உயரமான கணவாய்கள் பல உண்டு. ஆனால் ஸ்ரீநகரிலிருந்து லே போகும் நெடுஞ்சாலைக்கு இதுதான் வாசல். வாசலை அடைத்தால் வீட்டுக்குள் இருப்பவர் கதி என்ன? 1948-ல் அதுதான் நடந்தது.

அந்த ஆண்டு கோடையில் கார்கிலும் திராஸும் எதிரிகளிடம் விழுந்தன. பிறகு ஜோஜி லாவும் போனது. லே தனித்து நின்றது. மே 24 அன்று மெஹர் சிங் ஓட்டிய டகோட்டா விமானம் லேயில் புதிதாகச் சமன்படுத்திய மண் ஓடுதளத்தில் இறங்கியதால் கொஞ்சம் மூச்சு வந்தது. அதில் உடன் போனவர் மேஜர் ஜெனரல் திம்மையா, குடகுக்காரர். ஆனால் ஒரு பனிக்காலம் முழுவதையும் விமானத்தை மட்டும் நம்பித் தாண்ட முடியாது. செப்டம்பரில் காலாட்படை கணவாயைத் தாக்கியது. இருபுறமும் உயரத்தில் குகைகளிலும் பாறை மறைவிலும் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. தாக்குதல் பலிக்கவில்லை.

டாங்கிகளை மேலே ஏற்றலாம் என்று திம்மையா முடிவெடுத்தார். ஏறத்தாழ 15 டன் எடையுள்ள ஸ்டூவர்ட் டாங்கிகள். அங்கே இருந்ததோ கோவேறு கழுதை போகும் தடம்! அதைப் பாதையாக்கும் வேலை மெட்ராஸ் சேப்பர்ஸ் படைப்பிரிவுக்கு வந்தது. பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் தலைமையகம் கொண்ட பிரிவு அது. இராணுவத்தில் அவர்களுக்குச் செல்லப் பெயரே ‘தம்பி’கள்தான். மேஜர் தங்கராஜுவின் தலைமையில் பால்தாலிலிருந்து கணவாய் வரை பாறையை வெடிவைத்துப் பிளந்து, தடத்தை அகலப்படுத்தினார்கள். குளிர் ஒருபக்கம், எதிரியின் குண்டுகள் மறுபக்கம்.

டாங்கிகள் ஜம்முவிலிருந்து வந்தன. வழியில் உள்ள பாலங்கள் தாங்க வேண்டும், ஒற்றர் கண்ணிலும் படக்கூடாது. எனவே மேலே சுழலும் பீரங்கிக் கூண்டுகளைக் கழற்றித் தனியாகக் கொண்டுவந்தார்கள். ஓட்டிவந்த 7-வது குதிரைப்படையின் பூர்விகமும் நம் பக்கம்தான். 1784-ல் மெட்ராஸ் குதிரைப்படையாகத் தொடங்கிய ரெஜிமென்ட் அது.

1948 நவம்பர் 1. பனி கொட்டிக்கொண்டிருந்தது. திம்மையா முன்னணி டாங்கி ஒன்றில் ஏறிக்கொண்டார். ஒரு டிவிஷனின் தளபதி அந்த இடத்தில் இருக்க வேண்டியதே இல்லை. இந்த உயரத்துக்கு டாங்கி வரும் என்று எதிரி கனவிலும் நினைத்திருக்கவில்லை. அன்றே கணவாய் திறந்தது. நவம்பர் 24 அன்று கார்கிலில் லே பக்கத்துப் படையோடு இணைந்தார்கள். ஐந்து வாரத்தில், 1949 புத்தாண்டில், போர்நிறுத்தம் வந்துவிட்டது. கணவாய் அதற்குள் கைக்கு வராமல் போயிருந்தால் லடாக்கின் இன்றைய வரைபடம் வேறாக இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

டாங்கிகளின் கதையைப் புத்தகங்களில் விரிவாகப் பார்க்கலாம். பாதை போட்டவர்களுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். திராஸ் நினைவிடத்தில் வண்டியை நிறுத்துகிறோம், நிறுத்தவும் வேண்டும். ஆனால் அது 1999 போருக்கானது. 1948-ன் இடத்தை ஸ்வெட்டர் போட்ட கையால் செல்ஃபி எடுத்தபடியே கடந்துவிடுகிறோம்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கணவாயில் வண்டிகளை நேரம் பிரித்து விடுவார்கள், அதனால் சோன்மார்க்கிலிருந்து அதிகாலையிலேயே கிளம்புங்கள். பால்தால் கூடாரங்கள் கீழே சின்னதாகத் தெரியும் வளைவில் ஓட்டுநரிடம் சொல்லி மெதுவாகப் போகச் சொல்லுங்கள். ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சுரங்கப்பாதை வேலை நடந்துகொண்டிருக்கிறது. அது திறந்ததும் பனிக்காலத்திலும் லேக்குப் பால், காய்கறி, நோயாளி வண்டி எல்லாம் மலைக்கு அடியிலேயே போய்விடும். மேலே உள்ள அந்த வளைவுக்கு யாரும் வர வேண்டியிருக்காது.