குரங்குக் காய்ச்சல்

குரங்குக் காய்ச்சல் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் உண்ணிக் கடியால் மனிதருக்குத் தொற்றும் வைரஸ் நோய். மருத்துவ நூல்கள் இதைக் கியாசனூர் காட்டு நோய் என்கின்றன.

1957இல் அன்றைய மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் அடுத்தடுத்துச் செத்து விழுந்தன. காட்டை ஒட்டிய ஊர்களிலும் கடுங்காய்ச்சல் பரவவே, இந்தியா அதுவரை கண்டிராத மஞ்சள் காய்ச்சல் நுழைந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது. டெல்ஃபோர்ட் வொர்க் தலைமையிலான புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்தினர் கண்டெடுத்ததோ, ரஷ்யாவின் உண்ணிவழி மூளைக்காய்ச்சல் வைரசுக்கு நெருங்கிய இனமான புதிய வைரஸ். அந்த நெருக்கத்தை நம்பி ரஷ்ய நோய்க்கான தடுப்பூசியை இங்கும் போட்டுப் பார்த்தனர், பலிக்கவில்லை.

ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்னும் உண்ணியே முதன்மைக் கடத்தி. எலி, மூஞ்சூறு போன்ற சிற்றுயிர்களிடமும் வைரஸ் சுற்றிவருகிறது. அனுமன் மந்தியும் நாட்டுக்குரங்கும் நோயுற்று மடிந்தால், உடலை மொய்த்த உண்ணிகள் அங்கேயே உதிர்ந்து அவ்விடத்தை ஆபத்தாக்குகின்றன. இளம் உண்ணிகள் மிகும் டிசம்பர் முதல் மே வரை, விறகும் சருகும் பொறுக்கப் போவோரே அதிகம் கடிபடுகின்றனர். வளர்ந்த உண்ணிக்கு மாட்டு இரத்தம் நல்ல இரை. ஆகவே காட்டை வெட்டி மேய்ச்சலை நுழைத்த விளிம்புகளில் நோய் வலுத்ததில் வியப்பில்லை. 1983இல் தென் கன்னட மாவட்டத்தில் நேர்ந்த பெரும் பரவலும் காடழிப்பை ஒட்டியதே.

கடிபட்ட 3 முதல் 8 நாள்களில் திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி, வாந்தி தோன்றும். சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் இரத்தம் கசியும். ஓரிரு வாரம் தணிந்தபின் நடுக்கமும் மனக்குழப்பமுமாகக் காய்ச்சல் திரும்புவதும் உண்டு. நோயுற்றோரில் 3 முதல் 5 விழுக்காட்டினர் இறக்கின்றனர். நோயாளியிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. டெங்கு, எலிக்காய்ச்சல் என்று தவறாகக் கருதப்படுவதால், காட்டுக்குப் போய்வந்த செய்தியை மருத்துவர் கேட்டறிவது முக்கியம். ரிக்கெட்சியாவால் வரும் உண்ணிக் காய்ச்சலைத் தணிக்கும் டாக்சிசைக்ளின் இதற்கு உதவாது.

நெடுங்காலம் கர்நாடகத்துக்குள் அடங்கியிருந்த நோய், 2012க்குப் பின் வயநாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் வரை தென்பட்டது. நீலகிரியில் இறந்த குரங்குகளிடமும் வைரஸ் காணப்பட்டது.

கோழிக்கரு உயிரணுக்களில் உருவாக்கிய தடுப்பூசி 1990 முதல் கர்நாடகத்தில் போடப்பட்டது. இரண்டு தவணை போட்டவர்களுக்கு அது ஏறத்தாழ 62 விழுக்காடே காப்பளித்தது. ஊக்கத் தவணையும் போட்டால் 83 விழுக்காடு. 2022இல் அது கைவிடப்பட்டு, புதிய தடுப்பூசிக்கான பணி தொடங்கியது. வைரசை ஒழிக்கும் மருந்து இல்லாததால், நீரிழப்பையும் இரத்தக்கசிவையும் ஈடுகட்டுவதே சிகிச்சை.