சிருங்கேரிக்குச் சென்ற மடல்கள்



நம் ஜமாஅத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வியுடன் வந்தார். அவருடைய தாயார் மருத்துவமனையில் இருந்தபோது, பக்கத்து வீட்டு இந்து அம்மையார் கோயிலில் விளக்கேற்றி வேண்டிக்கொண்டாராம். "ஹழ்ரத், அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?" என்று கேட்டார். விடை காணுமுன் வரலாற்றின் ஒரு பக்கத்தைப் புரட்டுவோம்.

1791-ஆம் ஆண்டு. மைசூரை ஆண்ட திப்பு சுல்தான், ஆங்கிலேயர், மராட்டியர், ஹைதராபாத் நிஜாம் ஆகிய மூவரையும் ஒருசேர எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்தார். அவ்வேளையில் மராட்டியப் படையைச் சேர்ந்தோர் துங்கை நதிக்கரையிலுள்ள சிருங்கேரி மடத்தைச் சூறையாடினர். பலர் கொல்லப்பட்டனர். சாரதா தேவியின் சிலை இடம் பெயர்க்கப்பட்டது. மடாதிபதி மூன்றாம் சச்சிதானந்த பாரதி கார்க்களாவில் தஞ்சம் புகுந்து, சுல்தானுக்கு மடல் எழுதினார்.

செய்தி கேட்டு சுல்தான் வருந்தினார். சிலையை மீண்டும் நிறுவ 200 ராஹதி பணமும், அதே அளவு மதிப்புள்ள பொருள்களும் வழங்குமாறு பேதனூர் அதிகாரிக்கு ஆணையிட்டார். மடாதிபதியை 'ஜகத்குரு' என மரியாதையுடன் விளித்து, தம் நாட்டின் நலனுக்காக வேண்டுமாறும் கேட்டுக்கொண்டார். கன்னடத்தில் எழுதப்பட்ட இத்தகைய ஏறத்தாழ 30 மடல்களை, 1916-ஆம் ஆண்டு மைசூர் தொல்லியல் துறை இயக்குநர் நரசிம்மாச்சார் அம்மடத்திலேயே கண்டெடுத்தார். பெற்றவர்கள் அவற்றை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பாதுகாத்து வந்திருந்தனர்!

இது வெறும் அரசியல் என்பார் உண்டு. போர்க்காலத்து மன்னருக்கு அரசியல் நோக்கமும் இருந்திருக்கலாம். குடகிலும் மலபாரிலும் அவருடைய படைகளால் மக்கள் பட்ட துன்பமும் வரலாற்றில் உண்டு. அதை நாம் மறைக்கலாகாது. நமக்கே எதிராக அமைந்தாலும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்பதன்றோ அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனம் தரும் கட்டளை! அதே நீதி, சிருங்கேரி மடல்களையும் மறைக்க விடாது. முஸ்லிமான நிஜாம் எதிரணியில் நின்றார். இந்துத் துறவி சுல்தானிடம் நீதி கேட்டார். அப்போரை மதப்போர் என எவ்வாறு சொல்வது?

அன்பர்களே! வணக்கம் அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது. அரசர் ஒருவரின் செயல் மார்க்கச் சட்டமாகிவிடாது. பிற சமயச் சடங்குகளில் நாம் பங்கேற்பதற்கு அது ஆதாரமும் ஆகாது. ஆயினும், நம்முடன் போரிடாதோர்க்கு நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று அல்மும்தஹினா அத்தியாயத்தின் 8-ஆம் வசனம் தெளிவாக அறிவிக்கிறது. கொள்கையில் உறுதியும் அண்டை வீட்டாரிடம் அன்பும் ஒரே உள்ளத்தில் குடியிருக்க இடமுண்டு.

அந்த இளைஞரிடம் கூறினேன்: "தம்பி, அந்த அம்மையாரின் விளக்கு உம் வணக்கமன்று, ஆனால் அவருடைய கண்ணீர் உம் தாய்க்காகச் சிந்தியது. நேரில் சென்று நன்றி கூறும். அவருக்கு ஹிதாயத்தும் நலமும் வேண்டி அல்லாஹ்விடம் துஆச் செய்யும். அவர் வீட்டில் நோயென்றால் முதல் ஆளாய்ப் போய் நில்லும்."

அண்டை வீட்டாரின் உரிமை பேணி வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்கியருள்வானாக! ஆமீன்.