ரெண்டு நாடு சண்டை போட்ட மண்திட்டு

ஆறு ஒரு கரையை அரிக்கும், எதிர்க்கரையில மேடு தட்டும். அந்த மேடு யாருக்குன்னு ஊர்ல நடக்கிற பஞ்சாயத்து நமக்குத் தெரிஞ்சதுதான். அதே வழக்கு இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் நடுவுல பல வருஷம் நடந்திருக்கு.

கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து வருஷத்துக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. விண்வெளிப் படத்தில் வங்கக் கடலின் வடகோடி கலங்கலாகத் தெரிவது அதனால்தான். 1970 நவம்பரில் போலா புயல் அடித்து ஓய்ந்தபின், சுந்தரவனக் காட்டையொட்டி ஹரியாபங்கா ஆறு கடலில் சேருமிடத்தில் ஒரு திட்டு தலைதூக்கியது. 1974-ல் அமெரிக்கச் செயற்கைக்கோள் படத்தில் தெரிந்தபோது அதன் பரப்பு 2,500 சதுர மீட்டர். நம்ம கணக்குல 62 சென்ட்! பிறகு ரெண்டரை ஏக்கர் வரை வளர்ந்தது. நீர் வற்றும் நேரத்திலும் 2 மீட்டருக்கு மேல் உயரவில்லை. ஒரு குடிசைகூட கிடையாது.

நாம் அதை நியூ மூர் என்றோம், அவர்கள் தெற்கு தல்பட்டி என்றார்கள். 1981-ல் நம் கடற்படைக் கப்பல் போய்க் கொடி ஏற்றியது. அந்த மணல் மேல யாருக்கும் ஆசை இல்லீங்க. திட்டு யாருடையதோ, கடல் எல்லை அவர்கள் பக்கம் சாயும். கடலடியில் எண்ணெய், எரிவாயு கிடைக்கலாம் என்ற கணக்கு.

2010 மார்ச்சில், ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுகதா ஹஸ்ரா செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சொன்னார்: திட்டு முழுகிப்போச்சு. 2014-ல் சர்வதேச நடுவர் மன்றம், தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டர் கடலில் 19,467-ஐ வங்கதேசத்துக்குக் கொடுத்தது. வழக்கு முடிஞ்சது.

எனக்கு உறுத்துறது வேற. அங்கிருந்து மேற்கே, ஹூக்ளி ஆறு கடலில் சேருமிடத்தில் கோராமாரா என்றொரு தீவு. நெல்லும் வெற்றிலையும் விளைந்த பூமி. அதில் ஏறக்குறையப் பாதியைக் கடல் அரித்துவிட்டது. நிலத்தை இழந்த குடும்பங்கள் பக்கத்துச் சாகர் தீவுக்குப் போய்விட்டன. அந்த மண்ணும் அதே செயற்கைக்கோள் படங்களில்தான் வருஷா வருஷம் சுருங்கியது. ஆளில்லாத திட்டுக்குக் கப்பல் போச்சு. உழுது பிழைச்சவன் நிலம் போனப்போ கொடி நடறதுக்கு ஒருத்தரும் வரல.