யூதரும் பார்லிமெண்டுப் பிரமாணமும்

சிறு தொகையினராகிய ஒரு சமூகத்தார் தம் சமயத்தையும் மானத்தையும் விடாது அரசியல் உரிமை பெறுதல் கூடுமோ என்னும் வினாவிற்கு, இங்கிலாந்து தேசத்து யூதர் வரலாறு தக்கதொரு விடையாம். சங்கத்து அன்பர்களும் அவர்தம் மக்களும் அறியும்பொருட்டு அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1290-ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு மன்னனால் நாடு கடத்தப்பட்ட யூதர், கிராம்வெல் காலத்தில், 1656 முதலாக, மீண்டும் ஆங்குக் குடியேறி வாணிகஞ் செய்து வாழ்ந்தனர். ஆயினும் பார்லிமெண்டில் அமர்தற்கு அவர்க்கு வழியில்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் செய்யவேண்டிய பிரமாணத்தில், கிறிஸ்தவனது மெய்யான விசுவாசத்தின்மேல் ஆணையிடுவதாக ஒரு தொடர் இருந்தது. அத்தொடரே அடைத்த கதவாய் நின்றது. யூத குலத்திற் பிறந்து இளமையிலேயே ஞானஸ்நானம் பெற்ற டிஸ்ரேலி, 1837-இல் தடையின்றி உறுப்பினரானார். தம் முன்னோர் சமயத்தை விடாதார்க்கே தடை என்பது இதனால் விளங்கும்.

1829-இல் கத்தோலிக்கர் உரிமை பெற்றனர். மறுவாண்டே யூதர் பொருட்டும் ஒரு மசோதா காமன்ஸ் சபையில் வந்தது. பின்னாளில் இந்தியக் கல்விமுறை குறித்துக் குறிப்பெழுதிய மெக்காலே, சபையில் தம் முதற்பேச்சை அதனை ஆதரித்தே நிகழ்த்தினார். எனினும் மசோதா தோற்றது. யூதர் சோர்ந்திலர், சிறு பதவிகளை முன்னர் நாடினர். டேவிட் சாலமன்ஸ் என்பார் 1835-இல் லண்டன் நகர ஷெரீப் ஆனார். 1845-இல் நகராட்சிப் பதவிகளுக்கிருந்த தடை நீங்கியது. 1855-இல் அவரே அந்நகரத்தின் லார்டு மேயராயினார்.

இதனிடையே 1847-இல் லண்டன் நகர வாக்காளர், லயனல் டி ராத்சைல்டு என்னும் பெருஞ்செல்வரைப் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுத்தனர். அவர்பொருட்டுக் காமன்ஸ் சபை மசோதா நிறைவேற்றுந்தோறும் பிரபுக்கள் சபை தள்ளிற்று. 1850-இல் அவர் சபைக்கு வந்து, பழைய ஏற்பாட்டின்மேல் ஆணையிட்டு, அத்தொடரை மட்டும் விடுத்தார், விலகுமாறு பணிக்கப்பட்டார். மறுவாண்டு கிரீனிச் தொகுதியினின்றும் வந்த சாலமன்ஸோ, அத்தொடரை விடுத்து அமர்ந்து வாக்கும் அளித்தார். அதற்காக 500 பவுன் அபராதம் விதிக்கப்பெற்றார்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அரசாங்கங்களுக்கே கடன் கொடுத்த குடும்பத்தார்க்கும் செல்வம் அக்கதவைத் திறந்திலது. அத்தொடரைச் சொல்லியிருப்பின் அன்றே திறந்திருக்கும்; அவர் சொல்லிலர். வாக்காளரிற் பெரும்பாலார் கிறிஸ்தவர். அன்னார் அவரையே மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். தம்மவர் உறுதியும் பிறர் நேர்மையும் ஒருங்கு கூடியமையாலேயே காரியம் முற்றுப்பெற்றது.

இறுதியில் 1858-இல், பிரமாண முறையை ஒவ்வொரு சபையும் தானே வகுத்துக்கொள்ளலாமென்று சட்டம் பிறந்தது. அவ்வாண்டு ஜூலை 26-ஆம் நாள், ராத்சைல்டு யூதர் வழக்கப்படி தலையை மூடி, தம் வேதத்தின்மேல் ஆணையிட்டு அமர்ந்தார். பிரபுக்கள் சபையில் 1885-இல் அவர் மகன் நேதன் இடம்பெற்றார்.

அன்பர்காள்! பதினோர் ஆண்டு காத்துப் பெற்ற அவ்விருக்கையிலிருந்து ராத்சைல்டு ஒரு சொற்பொழிவேனும் ஆற்றியதில்லை. பேசும் புகழ் விரும்பி அவர் அதனை நாடிற்றிலர். தம் சமயத்தை மறைக்காமலே தம்மவர் யாவரும் அவ்வாயிலிற் புகவேண்டும் என்பதே அவர் வேண்டியது. அது கைகூடிற்று.