வணிகப் பேச்சுவார்த்தையில் தனிமனிதச் செல்வாக்கு: துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை

18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் தமிழக வணிகர்களுக்கும் இடையே நின்று பேசியவர்கள் துபாசிகள். அவர்களுள் அதிகம் அறியப்பட்டவர் ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761). ஆளுநர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாசியாக இருந்த இவர், 1736 முதல் தம் இறுதிக்காலம் வரை எழுதிவந்த நாட்குறிப்பால் இன்று நினைக்கப்படுகிறார். அரசியல் வரலாற்றுக்கான சான்றாகவே அந்நாட்குறிப்பு பெரும்பாலும் படிக்கப்படுகிறது. ஒரு வணிகர் தம் சொல்லுக்கு மதிப்பை எவ்வாறு தேடிக்கொண்டார், அதை எவ்வாறு காத்தார் என்பதற்கும் அதுவே நல்ல சான்று.

துபாசியின் பணி

துபாசி என்னும் சொல்லுக்கு இருமொழி அறிந்தவர் என்பது பொருள். ஆனால் மொழிபெயர்ப்பு இப்பதவியின் ஒரு பகுதி மட்டுமே. கம்பெனி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்த முதன்மைப் பொருள் பருத்தித் துணி. அதை நெய்தவர்கள் உள்நாட்டு ஊர்களில் இருந்தனர். கம்பெனி அவர்களிடம் நேராகச் செல்லவில்லை. வணிகர்களுடன் ஒப்பந்தம் செய்து முன்பணம் கொடுத்தது. வணிகர்கள் நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணியைத் திரட்டினர். துணி வந்தபின் மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்தனர். தரம் குறைந்தவை திருப்பி அனுப்பப்பட்டன, அல்லது விலை குறைக்கப்பட்டன.

இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு படியிலும் ஒருவர் மற்றவரை நம்பியாக வேண்டும். சோழமண்டலக் கரையில் பாதுகாப்பான துறைமுகம் இல்லாததால், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கப்பல்கள் புறப்பட வேண்டியிருந்தது. அந்நாளுக்குள் சரக்கு சேராவிட்டால் ஓராண்டு வணிகமே பாதிக்கப்படும். காலம் நெருங்க நெருங்க வணிகர்களின் கை ஓங்கும்; முன்பணம் தேவைப்படும் மாதங்களில் கம்பெனியின் கை ஓங்கும். இவ்விரு தரப்புக்கும் நடுவே விலையையும் தவணையையும் பேசி முடிப்பதே தலைமைத் துபாசியின் வேலை.

நைனியப்பாவின் வழக்கு

இப்பதவியின் ஆபத்தை ஆனந்தரங்கப் பிள்ளையின் குடும்பம் நேரில் கண்டிருந்தது. அவருடைய தந்தை திருவேங்கடம் பிள்ளை சென்னைப் பகுதியில் வணிகம் செய்தவர். உறவினரான நைனியப்பப் பிள்ளையின் தொடர்பால் அவர் புதுச்சேரிக்கு வந்தார். தலைமைத் துபாசியாக இருந்த நைனியப்பா 1716-இல் ஆளுநர் எபேரின் ஆட்சியில் கைது செய்யப்பட்டார். கசையடியும் சிறையும் அபராதமும் தண்டனையாக விதிக்கப்பட்டன. 1717-இல் அவர் சிறையிலேயே இறந்தார்.

அவருடைய மகன் குருவப்பா பிரான்சு வரை சென்று முறையிட்டார். தந்தைமீது சுமத்தப்பட்ட பழி நீங்கியது. குருவப்பா செவாலியே பட்டத்துடன் திரும்பித் துபாசிப் பதவியையும் பெற்றார். ஆளுநரின் தயவால் உயர்ந்தவரை ஆளுநரே ஒரே நாளில் வீழ்த்த முடியும் என்பதையும், வேறோர் இடத்தில் கேட்கப்படும் குரல் இருந்தால் மீளவும் முடியும் என்பதையும் இந்நிகழ்ச்சி காட்டியது.

செல்வாக்கைத் தேடிய வழிகள்

குருவப்பாவுக்குப் பின் தலைமைத் துபாசிப் பதவி கத்தோலிக்கரான பெத்ரோ கனகராய முதலியாரிடம் சென்றது. அவர் 1746-இல் இறக்கும் வரை ஆனந்தரங்கப் பிள்ளை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் அவர் தமக்கென வணிகத்தை வளர்த்துக்கொண்டார். பரங்கிப்பேட்டையில் கம்பெனியின் துணி வணிகத்தைக் கவனித்தார். உள்நாட்டுச் சந்தைகளில் தம் ஆட்களை வைத்திருந்தார். ‘ஆனந்தப்புரவி’ என்னும் சொந்தக் கப்பலும் அவருக்கு இருந்தது. கம்பெனியின் சம்பளத்தை மட்டும் நம்பாதவர் என்பதால் வணிகர்கள் அவரைத் தங்களுள் ஒருவராகக் கருத முடிந்தது.

இரண்டாவது, செய்தி. எந்தக் கப்பல் வந்தது, யார் யாரிடம் என்ன பேசினார், எந்த நவாபின் படை எங்கே நிற்கிறது என்பனவற்றை அவர் நாளும் நேரமும் குறித்து எழுதிவைத்தார். பழைய பேச்சை நினைவில் வைத்திருப்பவருக்குப் பேரத்தில் உள்ள வலிமை அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது, வெளிப்படையான மரியாதை. ஆளுநர் மாளிகைக்குள் மேளதாளத்துடன் பல்லக்கில் செல்லவும், தங்கப்பிடி போட்ட கைத்தடி வைத்துக்கொள்ளவும், பாதரட்சையுடன் நுழையவும் அவர் உரிமை பெற்றார். தக்காணத்தின் முசாபர் ஜங் அவருக்கு 3000 குதிரைகளுக்குரிய மன்சப்தார் பட்டம் அளித்தார். இவற்றை வெறும் ஆடம்பரமாகக் கொள்ள இயலாது. கடன் மதிப்பைச் சரிபார்க்க வேறு வழி குறைந்த காலத்தில், ஒருவருக்குப் பொது இடத்தில் கிடைத்த மரியாதையே அவருடைய வாக்குறுதிக்குப் பிணையாக இருந்தது. ஒப்பந்தம் முடிந்தபின் வணிகர்களுக்கு வெற்றிலை பாக்கும் பன்னீரும் துணியும் வழங்குவதும் இதே நோக்கம் கொண்டது. பலர் பார்க்கப் பெற்ற மரியாதைக்குப் பின் பேச்சு மாறுவது கடினம்.

நான்காவது, புலவர்களை ஆதரித்தல். தமிழில் ‘ஆனந்தரங்கன் கோவை’, வடமொழியில் ‘ஆனந்தரங்க விஜய சம்பு’ ஆகியவை அவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டவை. முன்பு அரசர்களும் பாளையக்காரர்களும் பெற்ற புகழ்மொழியை ஒரு வணிகர் பெற்றதால் அவர் பெயர் சந்தைக்கு வெளியேயும் பரவியது.

சோதனைக் காலம்

1744-இல் ஆங்கிலேயருடன் போர் தொடங்கியபின் பிரான்சிலிருந்து கப்பல்களும் வெள்ளியும் வருவது தடைப்பட்டது. கம்பெனியிடம் பணமில்லாத காலத்தில்தான் துபாசியின் சொந்த மதிப்பு உண்மையில் சோதிக்கப்பட்டது. வணிகர்கள் பொறுத்திருந்தது பேசிய மனிதரை நம்பியே. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். அங்கிருந்த வணிகர்களைப் புதுச்சேரியில் குடியேற்றத் துய்ப்ளேக்ஸ் விரும்பினார். ஆணையால் மட்டும் வணிகரைக் கொண்டுவர முடியவில்லை. கோட்டையைப் பிடிக்கப் படை போதும். கடன் கொடுப்பவரை அழைத்துவர நம்பிக்கை வேண்டும்.

செல்வாக்கின் எல்லை

ஆனந்தரங்கப் பிள்ளையின் நிலையும் ஒருபோதும் உறுதியாக இருக்கவில்லை. துபாசிப் பதவி கிறித்தவர் ஒருவருக்கே தரப்பட வேண்டும் என்று பாதிரிமார் வற்புறுத்தினர். துய்ப்ளேக்சின் மனைவி ழான் அவருக்கு எதிராகச் செயல்பட்டதை நாட்குறிப்பு மீண்டும் மீண்டும் குறிப்பிடுகிறது. 1754-இல் துய்ப்ளேக்ஸ் திருப்பி அழைக்கப்பட்டபின் அவருடைய செல்வாக்கு தேய்ந்தது; பின்னர் பதவியும் போயிற்று. 1761 சனவரி 12 அன்று, ஆங்கிலேயரின் முற்றுகைக்குள்ளிருந்த நகரில் அவர் இறந்தார். நான்கு நாட்களில் புதுச்சேரி வீழ்ந்தது.

நாட்குறிப்பு அவரே எழுதியது என்பதால், தம் சாமர்த்தியத்தை அவர் சற்று மிகுத்துச் சொல்லியிருக்கக்கூடும். எதிராளிகளைப் பற்றிய அவருடைய கூற்றுகளையும் அப்படியே ஏற்க முடியாது. எனினும் ஒன்று தெளிவாகிறது. அவருடைய செல்வாக்குக்கு இரண்டு கால்கள் இருந்தன. ஒன்று ஆளுநரின் தயவு. மற்றொன்று வணிகர்களின் நம்பிக்கை. முதலாவது ஆளுநர் கப்பலேறியதும் போய்விட்டது. இரண்டாவது, சொன்ன நாளில் பணம் தந்தும், சொன்ன விலைக்கு நின்றும், பல ஆண்டுகளில் சேர்த்தது. பல்லக்கும் கைத்தடியும் அதைப் பிறர் கண்ணுக்குக் காட்டின; உருவாக்கியவை அவை அல்ல.

1846-இல் கண்டெடுக்கப்பட்ட அந்நாட்குறிப்பு, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. போர்களுக்காக அதைத் திறப்பவர்கள், இடையிடையே துணி விலையும் தவணைக் கணக்கும் யார் எங்கே அமர்ந்தார் என்ற குறிப்பும் வருவதைக் காண்பார்கள். அக்கால வணிகத்தில் பேரம் நடந்த விதத்தை அறிய அந்தச் சிறு குறிப்புகளே பெரிதும் உதவுகின்றன.