வெந்தது இறைச்சி, வேகவில்லை மனிதன்

1774ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். இலண்டன் நகரில் ஓர் அறையை நெருப்பு மூட்டிச் சூடேற்றி வைத்திருந்தார்கள். அறையின் வெப்பநிலை 260 டிகிரி ஃபாரன்ஹீட். அதாவது ஏறத்தாழ 127 டிகிரி செல்சியஸ். தண்ணீரின் கொதிநிலையையும் தாண்டிய சூடு. அந்த அறைக்குள் சார்லஸ் பிளாக்டன் என்னும் இளம் மருத்துவர் நுழைந்தார். எட்டு நிமிடங்கள் உள்ளே இருந்தார். பிறகு, தீங்கு எதுவுமின்றி நடந்தே வெளியே வந்தார்.

அந்தச் சோதனைகளின்போது அறைக்குள் சில முட்டைகளையும் மாட்டிறைச்சித் துண்டு ஒன்றையும் வைத்திருந்தார்கள். முட்டைகள் 20 நிமிடங்களில் கெட்டியாக வெந்துவிட்டன. இறைச்சி 33 நிமிடங்களில் அளவுக்கு மீறியே வெந்துவிட்டது. இன்னொரு துண்டின்மேல் துருத்தியால் காற்றை ஊதிக்கொண்டிருந்தபோது அது 13 நிமிடங்களிலேயே பதமாக வெந்தது.

ஒரே அறை, ஒரே காற்று. இறைச்சி வெந்தது, மனிதன் வேகவில்லை. மனித உடலும் தசையாலும் நீராலும் ஆனதுதானே? இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாற்றையே இக்கட்டுரையில் காணப் போகிறோம். இனி நாம் டிகிரி என்று குறிப்பிடும் இடங்களில் எல்லாம் செல்சியஸ் என்றே கொள்க.

சூட்டறையில் அறிஞர்கள்

இந்தச் சோதனைகளைத் தொடங்கியவர் ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்னும் மருத்துவர். அவ்வாண்டு ஜனவரியில் அவர் தம் சூட்டறைகளுக்குச் சில நண்பர்களை அழைத்தார். கேப்டன் குக்குடன் உலகைச் சுற்றி வந்த தாவரவியல் அறிஞர்கள் ஜோசப் பேங்ஸும் சோலாண்டரும் வந்தார்கள். முந்தைய ஆண்டில்தான் வடதுருவக் கடலுக்குச் சென்று திரும்பியிருந்த கப்பல் தலைவர் ஃபிப்ஸ் வந்தார். பிளாக்டனும் வந்தார். தாம் கண்டவற்றையெல்லாம் பிளாக்டன் எழுதி, 1775இல் இராயல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்.

அவர் கண்டவை வியப்பானவை. உடம்பில் இருந்த கடிகாரச் சங்கிலியைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. ஆனால் வெப்பமானியின்மேல் வாயால் ஊதினால் அதன் பாதரசம் சரசரவென்று இறங்கியது. தம் மூச்சுக்காற்றே மூக்குக்குக் குளிர்ச்சியாகப் பட்டது. உடலின் வெப்பநிலையோ வழக்கமான அளவை விட்டு அதிகம் விலகவில்லை.

மற்றொரு சோதனையை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரு பாத்திரத்தில் நீரை ஊற்றி அந்த அறையில் வைத்தார்கள். அறையின் சூடு கொதிநிலைக்கு மேல் இருந்தும், அந்த நீர் நெடுநேரம் கொதிக்கவே இல்லை. பிறகு அதில் சிறிது எண்ணெயை விட்டார்கள். எண்ணெய் நீரின்மேல் படலமாகப் படர்ந்தது. சற்று நேரத்தில் நீர் தளதளவென்று கொதித்தது!

காரணம் உங்களுக்கு விளங்கியிருக்கும். திறந்த நீர்ப்பரப்பு ஆவியாகிக்கொண்டே இருந்தது. ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அறையிலிருந்து நீர் பெற்ற வெப்பமெல்லாம் ஆவியோடு வெளியேறிவிட்டது. எண்ணெய்ப் படலம் ஆவியாதலைத் தடுத்ததும் நீருக்கு அந்தத் தற்காப்பு இல்லாமற் போயிற்று. நம் வீட்டு மண்பானை கோடையில் குளிர்ந்த நீர் தருவதும் இதே விதியால்தான். பானையின் நுண்துளைகளில் எண்ணெய் ஏறிவிட்டால் பிறகு அது தண்ணீரைக் குளிர்விப்பதில்லை.

விடை கையருகிலேயே இருந்தது. எனினும் பிளாக்டன் முழுவதுமாக அதை எட்டவில்லை. வியர்வை ஆவியாவது உதவுகிறது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அது மட்டும் போதாது, வெப்பத்தை அழிக்கும் தனி ஆற்றல் ஒன்று உயிருக்கு உண்டு என்றே அவர் எண்ணினார்.

அறுவடை வயலில் கிடைத்த விடை

பிளாக்டனுக்குப் பதினாறு ஆண்டுகள் முன்னரே ஒருவர் சரியான வழியைக் காட்டியிருந்தார். அவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். இடியையும் மின்னலையும் ஆராய்ந்த அதே ஃபிராங்க்ளின்தான். வெப்பமானியின் குமிழை ஈதரால் மீண்டும் மீண்டும் நனைத்து ஆவியாகவிட்டு, உறைநிலைக்கு வெகு கீழே அதைக் குளிர்வித்துக் காட்டியவர் அவர். 1758இல் எழுதிய கடிதம் ஒன்றில், பென்சில்வேனியாவில் கோதுமை அறுப்பவர்களைப் பற்றியும் குறிப்பிட்டார். அவர்கள் கடும் வெயிலிலும் வேலை செய்கிறார்கள், அடிக்கடி பருகுகிறார்கள், வியர்த்துக்கொண்டே இருக்கும்வரை அவர்களுக்கு ஒன்றும் நேர்வதில்லை, வியர்வை நின்றுவிட்டால் சாய்ந்துவிடுகிறார்கள், சில வேளை இறந்தும் போகிறார்கள் என்பது அவர் கண்ட செய்தி.

அறுவடைத் தொழிலாளியின் உடல் ஃபிராங்க்ளினுக்குக் கற்றுத் தந்தது இயற்பியல் பாடம். அதன் அளவை நாம் கணக்கிட்டே பார்க்கலாம்.

நம் உடலுக்குள்ளும் ஓர் அடுப்பு எரிகிறது. சுவாசம் என்பது மெதுவான எரிதலே என்று 1780களில் லவாய்சியரும் லாப்லாசும் பனிக்கட்டிக் கலோரிமானி கொண்டு காட்டினார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் பிறக்கிறது. ஒரு மணி நேரத்தில் இது 360 கிலோஜூல் ஆகும். இந்த வெப்பம் வெளியேற வழியே இல்லையென்றால், 70 கிலோ எடையுள்ளவரின் உடல் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை டிகிரி வீதம் சூடேறும். இரண்டு மணி நேரத்தில் 37 டிகிரி 40ஐத் தொட்டுவிடும். கடப்பாரை பிடித்து வேலை செய்பவருக்கோ வெப்பம் மூன்று நான்கு மடங்கு பிறக்கும்.

ஒரு கிலோ வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆகவே உட்கார்ந்திருப்பவருக்கு மணிக்கு 150 கிராம் வியர்வை போதும். கடுமையாக உழைப்பவருக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டும். இதில் ஒரு முக்கியமான நிபந்தனை உண்டு. வியர்வை ஆவியாக வேண்டும். நெற்றியிலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை; அது நீரையும் உப்பையும் இழப்பதோடு சரி.

உள்ளே இருக்கும் கடல்

இந்தத் தொழில் எல்லாம் எதற்காக? இக்கேள்விக்கு ஆழமான விடை தந்தவர் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட். 1852ஆம் ஆண்டை ஒட்டி அவர் முயல் ஒன்றின் கழுத்தில் ஒரு நரம்பைத் துண்டித்தபோது, அந்தப் பக்கத்துக் காது சூடாயிற்று. இரத்தக் குழாய்களை விரிக்கவும் சுருக்கவும் நரம்புகள் ஆணையிடுகின்றன என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. தோலுக்கு வரும் இரத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் உடல் தன் வெப்பத்தைச் செலவிடுகிறது அல்லது சேமிக்கிறது.

பெர்னார்டின் பெரிய கருத்து இதனினும் விரிவானது. நாம் காற்றில் வாழ்வதாக நினைக்கிறோம். நம் உயிரணுக்கள் காற்றில் வாழவில்லை. குளத்து மீனைப்போல, அவை இரத்தமும் நிணநீரும் ஆகிய திரவத்தில் வாழ்கின்றன. அதன் சூடு, உப்பு, சர்க்கரை, ஆக்சிஜன் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால்தான் உயிரணுக்கள் பிழைக்கும். இதை அவர் அகச்சூழல் என்றார். வெளியே பனி பெய்தாலும் வெயில் காய்ந்தாலும் அகச்சூழல் நிலையாக இருப்பதால்தான் உயர்ந்த விலங்குகள் எங்கும் தடையின்றி நடமாட முடிகிறது என்பது அவர் கொள்கை. அதை விளக்கும் அவருடைய நூல், அவர் மறைந்த 1878ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

அமெரிக்க அறிஞர் வால்டர் கேனன் 1926இல் இந்த நிலைகாக்கும் செயலுக்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயரிட்டார். ஹோமியோ என்னும் கிரேக்க அடிச்சொல்லுக்கு ‘ஒத்த’ என்பது பொருள். ‘ஒரே’ என்பது பொருளன்று. கேனன் இதை வேண்டுமென்றே தேர்ந்தார். உடல் கற்சிலை போல் அசையாது நிற்பதில்லை. கயிற்றின்மேல் நடப்பவன் இடமும் வலமும் சாய்ந்து சாய்ந்தே விழாமல் இருப்பதுபோல, அது ஓயாமல் திருத்திக்கொண்டே நிற்கிறது.

வெப்பத்தைப் பொறுத்தவரை இந்தத் திருத்தத்தைச் செய்யும் இடம் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ். 1938இல் மயக்க நிலையில் இருந்த பூனைகளின் மூளையில் அப்பகுதியை மட்டும் சிறிது சூடாக்கினார்கள். உடல் சூடாகாமலே பூனைக்கு மேல்மூச்சு வாங்கியது, பாதங்கள் வியர்த்தன. பிளாக்டன் தேடிய ‘உயிரின் தனி ஆற்றல்’ இதுதான் எனலாம். ஆனால் அது வெப்பத்தை அழிப்பதில்லை. வெளியேற்றும் வாயில்களைத் திறந்து விடுகிறது, அவ்வளவே.

வாயிலுக்கு வெளியே

வாயிலைத் திறந்தால் மட்டும் போதுமா? வெளியே இடம் இருக்க வேண்டாமா?

ஃபோர்டைஸின் முதல் சோதனைகளிலேயே இதற்கு ஒரு குறிப்பு இருந்தது. அவர் கொதிநீரைத் தரையில் ஊற்றி ஓர் அறையை நீராவியால் நிரப்பினார். அங்கே அவர் உடலெல்லாம் நீர் வழிந்தது. உடலின் சூட்டில் இருந்த நீரை ஒரு குடுவையில் ஊற்றி அதே அறையில் வைத்தார். குடுவையின் வெளிப்புறத்திலும் நீர் வழிந்தது! குடுவை வியர்க்காது அல்லவா? அறையின் ஆவியே அதன்மேல் படிந்து நீராகியிருந்தது. அதாவது ஆவி உடலைவிட்டுப் போவதற்குப் பதிலாக, உடலின்மேல் வந்து படிந்து, தன் வெப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தது.

இதை அளந்து சொன்னவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த ஜே. பி. எஸ். ஹால்டேனின் தந்தை இவர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்களின் நலத்தை ஆராய்ந்த இவர், மிகுந்த வெப்பத்தில் மனிதருக்கு என்ன நேர்கிறது என்பதை 1905இல் வெளியிட்டார். அசையாத சூடான காற்றில் மனிதனின் நிலையைத் தீர்மானிப்பது சாதாரண வெப்பமானி காட்டும் அளவு அன்று; ஈரக்குமிழ் வெப்பமானி காட்டும் அளவே என்பது அவர் முடிவு.

குமிழைச் சுற்றி ஈரத்துணி கட்டிய வெப்பமானியை நீங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். அதை ‘வியர்க்கும் வெப்பமானி’ என்று சொல்லலாம். காற்று உலர்ந்திருந்தால் துணியின் நீர் விரைந்து ஆவியாகி, பாதரசம் நன்றாக இறங்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் அது அதிகம் இறங்காது. நம் தோலின் நிலையும் அதுவே. ஈரக்குமிழ் 78 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தொடர்ந்து கடுமையாக உழைக்க முடியாது. 88ஐ, அதாவது 31 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சும்மா இருப்பதும் நெடுநேரம் இயலாது என்று ஹால்டேன் கண்டார்.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். ஓர் ஊரில் வெப்பநிலை 42 டிகிரி, ஈரப்பதம் 20 விழுக்காடு. ஈரக்குமிழ் அங்கே ஏறத்தாழ 24 காட்டும். இன்னோர் ஊரில் வெப்பநிலை 36 டிகிரிதான். ஆனால் ஈரப்பதம் 70 விழுக்காடு. அங்கே ஈரக்குமிழ் 31 காட்டும். செய்தித்தாளில் முதல் ஊரின் பெயர்தான் பெரிய எழுத்தில் வரும். வியர்வை உலராமல் திணறுவதோ இரண்டாம் ஊர். பிளாக்டன் 127 டிகிரியைத் தாங்கியதன் மருமமும் இதில் உள்ளது. அவருடைய அறைக் காற்று மிக உலர்ந்தது. அவர் இருந்ததும் எட்டே நிமிடங்கள்.

2010இல் ஷெர்வுட், ஹூபர் என்னும் இரு அறிஞர்கள், ஈரக்குமிழ் 35 டிகிரி என்பதே மனிதன் பிழைக்கக்கூடிய மேல் எல்லை என்று இயற்பியல் வழியில் கணக்கிட்டார்கள். நம் தோலின் வெப்பநிலையும் ஏறத்தாழ அதே அளவு. காற்று அந்த நிலையை அடைந்தால், நிழலில் நின்று, உடலை நனைத்து, விசிறிக்கொண்டாலும் வெப்பம் வெளியேறாது. 2022இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், விழுங்கக்கூடிய சிறு வெப்பமானிகளைக் கொண்டு நலமுள்ள இளைஞர்களை ஆராய்ந்தார்கள். ஈரம் மிக்க காற்றில், வீட்டு வேலை அளவிலான எளிய இயக்கத்தின்போதே, ஈரக்குமிழ் 30, 31 டிகிரியில் அவர்களின் உடல் கட்டுப்பாடு தளரத் தொடங்கியது. ஏறத்தாழ 117 ஆண்டுகளுக்கு முன் ஹால்டேன் காட்டிய எல்லைக்கு மிக அருகிலேயே இந்த அளவும் அமைந்தது.

நமக்கு என்ன?

சூட்டுக்குப் பழகியவர்களுக்கு இதெல்லாம் பொருட்டில்லை என்று சிலர் சொல்வதுண்டு. இதில் பாதி உண்மை. ஓரிரு வாரம் வெயிலில் உழைத்தால் வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும், அளவு கூடும், அதில் உப்பு குறையும். உடலுக்குப் பழக்கம் உண்டு. ஆனால் காற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆவியை ஏற்க இடமில்லாத காற்று, பழகியவரின் வியர்வையையும் ஏற்காது.

உழைப்பவரின் உடலில் அந்த வேளையில் நடப்பதையும் எண்ணிப் பாருங்கள். தசை இரத்தம் கேட்கிறது. குளிர்விக்கத் தோலும் இரத்தம் கேட்கிறது. வியர்வையாகப் போன நீரால் இரத்தத்தின் அளவோ குறைந்துகொண்டே வருகிறது. இதயம் இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேகவேகமாகத் துடிக்கிறது. கயிற்றின்மேல் நடப்பவன் தள்ளாடும் நேரம் அது. உடல் 40 டிகிரியைத் தாண்டிப் பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, அது வெப்பத்தாக்கு; உயிருக்கு ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறி, மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

வயலிலும் உப்பளத்திலும் செங்கற்சூளையிலும் கட்டட வேலையிலும் நிற்பவர் நடுப்பகலில் ஓய்வு கேட்டால், அதைச் சோம்பல் என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. அவர்களுக்கு ஹால்டேனின் ஈரக்குமிழைக் காட்டலாம். நிழலும் தண்ணீரும் ஓய்வும் கருணையால் கொடுக்கும் சலுகைகள் அல்ல. இயந்திரத்துக்கு எண்ணெய்போல் உடலுக்கு வேண்டிய கட்டாயத் தேவைகள். நெற்றி வியர்வை நிலத்தில் விழ உழைப்பதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். நிலத்தில் விழுந்த வியர்வை அந்த மனிதனைக் காப்பதில்லை. அது அவர் உடம்பிலேயே உலரும்படி வேலை நேரத்தையும் வேலை இடத்தையும் அமைத்துக் கொடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.